குண்டு மிஷின் மறைத்த ஜன்னல்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல்தான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் போகும் சந்து ஒன்றில், கீழே நாலு குடித்தனமும் மாடியில் வீட்டுக்காரர்களும் இருந்த வீடு அது. தெருவை ஒட்டிய முன் போர்ஷன் எங்களுடையது. ஓர் அறை, அதற்குப் பின்னால் வெளிச்சம் எட்டாத ஒரு சமையலறை, இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு வழி. வாடகை கொஞ்சம் கூடுதல் என்றாலும் அந்த ஜன்னலுக்காகத்தான் அந்த இடத்தை எடுத்தோம். என் மனைவி ஜாக்கெட் தைக்கிறவள். அவளுடைய தையல் மிஷின் பதினோரு வருஷம் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றது.

மாட வீதி வீடுகளிலிருந்து பட்டுத் துணிகள் அவளைத் தேடி வரும். அவளைவிட வேகமாகத் தைக்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். அவளிடம் வருவதற்குக் காரணம் நூல். அவள் தைத்த ஜாக்கெட்டில் நூல் எங்கே ஓடுகிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். துணியின் நிறத்தோடு அப்படிக் கலந்துவிடும். அரக்கு என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்வதில் ஐந்து அரக்கு இருக்கிறது என்பாள். துணியின் ஓரத்தையும் நூல் கண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். காலை பத்து மணிக்குமேல் மூன்று மணி வரைக்கும்தான் பார்ப்பாள். அதற்குப் பிறகு வெளிச்சம் பொய் சொல்லும் என்பாள்.

நான் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன ஃபேன், மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் என் கடைக்கு வரும். கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எனக்குப் பேச வராது. கடைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் கொண்டுவந்த ஃபேனைப் பார்த்துத்தான் பேசுவேன். திருமணமாகிப் பல வருஷம் வரைக்கும் மாமனார் வீட்டில் இரண்டாவது முறை சாதம் கேட்டது கிடையாது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு நாள் கோபாலபுரத்திலிருந்து ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு சின்னக் காயில், கரிந்து வார்னிஷ் நாறியது. "இதைக் கட்ட முடியுமாப்பா? ரெண்டு கடைல பார்த்துட்டு வேணாம்னுட்டாங்க" என்றார். நான் காயிலைப் பார்த்துத் தலையாட்டினேன். எந்த மிஷினுடையது என்று கேட்டேன். "நீயே வந்து பாரு, சொன்னா நம்பமாட்டே" என்றார்.

பழைய பங்களா. கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நாலு கால்களோடு இரண்டு பெரிய பெட்டிகள் சாய்வாக நின்றன. மேலே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே வண்ணம் பூசிய பலகை, அதில் காளான் மாதிரி தொப்பிகள், குட்டி பல்புகள், ரப்பர் வளையங்கள். ஒன்றின் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கிற இன்னொரு கண்ணாடியில் கடலில் படகு ஓட்டுகிற ஒரு பெண்ணின் படம். அவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் இளம் வயதில் இதை விளையாடிப் பித்துப் பிடித்திருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு பழைய மிஷின் இரண்டை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

"இதுக்குப் பேரு பின்பால். காசு போட்டு ஆடற ஆட்டம்" என்றார். "வாங்கினது ஒரு செலவு. கப்பல்ல கொண்டுவந்தது ரெண்டாவது செலவு. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. வச்சிருக்கேன் பாரு, அதுதான் தீராத செலவு."

உள்ளேயிருந்து அவருடைய அக்காவின் குரல் வந்தது. "இந்த வீட்டுக்கு வர்றவங்க உட்கார இடம் கிடையாது. குண்டு உருள மட்டும் இடம் உண்டு. காபி குடிக்கறீங்களா, இல்ல உங்களுக்கும் நாலணா போட்டாத்தான் அசைவீங்களா?"

எரிந்த காயிலைக் கட்டுவதில் பாதி வேலை அவிழ்ப்பதில் இருக்கிறது. எத்தனை சுற்று என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பழைய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, நூறுக்கு ஒரு கோடு தரையில் சாக்கட்டியால் போட்டு, அதே சுற்றுக்கு அதே பருமனில் புதுக் கம்பியைக் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் கம்பி அறுந்துவிடும், எண்ணிக்கை போய்விடும். எனக்கு அவசரம் கிடையாது. இரண்டு நாளில் கட்டி, வார்னிஷ் முக்கி, வெயிலில் காயவைத்து எடுத்துப் போனேன். மிஷின் உள்ளே மாட்டினேன். அமெரிக்க மிஷின் என்பதால் நம் கரண்டைப் பாதியாக இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தரையில் முனகிக்கொண்டிருந்தது. அவர் சுவிட்சைப் போட்டார். பல்புகள் எரிந்தன.

"கட்டினவன்தான் முதல்ல ஆடணும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டேன். இரும்புக் குண்டு மேலே ஓடி, காளான்களில் பட்டு மணி அடித்து, அங்குமிங்கும் எகிறிக் கீழே வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இருந்த பொத்தான்களை அழுத்தினேன். நான் கட்டிய காயில் உள்ளே இழுத்தது, சின்னக் கை எழும்பிக் குண்டை மேலே அடித்தது. அந்த அடி என் விரலில் வந்து தெரிந்தது. என் வேலையில் நான் கட்டுவது எல்லாம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒன்று எழுந்து அடித்து நான் பார்த்ததில்லை.

"தள்ளுப்பா, மிஷினைத் தள்ளு. இடுப்பால தள்ளணும். நின்னுகினே இருந்தா குண்டு நேரா குழிக்குப் போயிடும்" என்றார் அவர். தள்ளினேன். பல்பெல்லாம் அணைந்து மிஷின் செத்துப்போனது. ஏதோ உடைத்துவிட்டேன் என்று இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். உள்ளே கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று தொங்குகிறது, ரொம்ப ஆட்டினால் அது வளையத்தில் தொட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும் என்று காட்டினார். கொஞ்சம் தள்ளலாம், அளவு மீறக் கூடாது. ஆளைத் தள்ளி நான் வாழ்க்கையில் ஒரு பஸ்ஸில் ஏறியது இல்லை. ரேஷன் வரிசையில் முன்னால் நுழைகிறவனை முறைத்தது இல்லை. இந்தப் பெட்டி என்னைத் தள்ளச் சொன்னது, எவ்வளவு என்றும் சொன்னது. அன்றைக்கு ஒரு மணி நேரம் நான் கடைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறையாவது கோபாலபுரம் போவேன். ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். பல்பு போகும், ரப்பர் இறுகி வெடிக்கும், காயில் எரியும், தொடுபுள்ளிகளில் கரி பிடிக்கும். அவர் கூலி கொடுப்பார். நான் வேலை முடிந்து ஆடுவேன். இதில் எனக்கு எது வேலை, எது கூலி என்று சொல்ல முடியாது.

சில வருஷத்தில் பங்களாவை இடித்து ஃபிளாட் கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார். அக்காவும் அவருமாக அடையாறில் ஒரு மூன்றாவது மாடிக்குப் போவதாக முடிவாயிற்று. அங்கே ஒரு மிஷினுக்குத்தான் இடம் இருந்தது. அதுவும் பால்கனியில். படகுக்காரி படம் போட்டதை என்னிடம் காட்டி, "நீ எடுத்துக்கறியாப்பா? விக்க மனசு இல்ல" என்றார்.

எனக்கு வேண்டாம் என்று சொல்ல வராது, அதனால்தான் வாங்கிக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வேண்டும் என்றும் எனக்குச் சொல்ல வராது. அன்றைக்குச் சொன்னேன்.

மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று பேசிக்கொண்டு போனேன். வண்டிக்காரர் மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா நைனா இது, வெள்ளக்காரன் பொணப் பொட்டியா?" என்றார். "கண்ணாடி வேற போட்டுகீறான், மூஞ்சிய பாத்துகினே போறதுக்கா?" நாலு பேர் தூக்கி வைத்தோம். ராயப்பேட்டை வழியாக வரும்போது ஒவ்வொரு சிக்னலிலும் யாராவது குனிந்து பார்த்துக் கேள்வி கேட்டார்கள். வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் சொன்னார். ஒருவரிடம் ஐஸ் பெட்டி என்றார், இன்னொருவரிடம் ஓட்டுப் பெட்டி என்றார். நான் பின்னால் சைக்கிளில், எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாதவன் மாதிரி வந்தேன்.

என் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மிஷின் இறங்குவதைப் பார்த்தாள். அறையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் சாமி அலமாரி, ஒரு பக்கம் வாசல். நாலாவது பக்கம் ஜன்னல்.

"எங்க வெக்கப் போறீங்க?"

"ரெண்டு நாளு. பீரோவை அப்பால தள்ளிட்டு எடம் பண்றேன்."

அவள் தையல் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் மறு பக்கத்தைப் பிடித்தேன். சமையலறைக்குப் போகும் வழியில் கொண்டு வைத்தோம். குண்டு மிஷின் ஜன்னலுக்குக் கீழே நின்றது. அதன் தலைப் பெட்டி ஜன்னலை முக்கால்வாசி மூடிவிட்டது. படகுக்காரிக்குப் பின்னால் இருந்து பகல் வெளிச்சம் கொஞ்சமாக வந்தது. எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது. பீரோவைத் தள்ள இடமே இல்லை என்பது மறுநாள் அளந்து பார்த்தபோது தெரிந்தது. தெரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் இரண்டு வருஷமாயிற்று.

ஒரு மிஷினை வீட்டில் வைத்திருப்பது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. கோபாலபுரத்தில் எது கெட்டாலும் அவர் வாங்கித் தருவார். இங்கே நானே வாங்க வேண்டும். சின்னப் பல்புகளுக்குப் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். ரப்பர் வளையம் கிடைக்காமல் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன். அது இரண்டு வாரத்தில் தளர்ந்துவிடும். கடல் காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் பச்சை பூக்கவைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் தூக்கி நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு மணி நேரம் சரி செய்தால் அரை மணி நேரம் ஆடலாம். அதிலும் முதுகு வலிக்கும். ஆனாலும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஒரு ஐந்து குண்டு ஆடாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. கடையில் நாள் முழுக்க ஆட்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தவனுக்கு அந்த மணிச்சத்தம் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு மீட்டர் ஒன்றுதான். மாடியில் இருந்த வீட்டுக்கார மாமி ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்குவார். மிஷின் வந்த முதல் மாதமே படியில் நின்று குரல் கொடுத்தார். "ஏண்டிம்மா, உங்காத்துல என்ன ரைஸ் மில்லா ஓடறது? நான் பூஜை பண்ணிண்டு இருக்கேன், கீழேருந்து டிங் டிங்குனு அடிக்கறது. பகவான் யார் மணிக்கு வரதுன்னு குழம்பிடுவார்." என் மனைவி சிரித்துச் சமாளித்தாள். அந்த மாதத்திலிருந்து எங்கள் பங்கு ஒன்றரை மடங்கு ஆயிற்று. அதை அவள் தையல் கூலியிலிருந்து கொடுத்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மத்தியானம் சாப்பிட வரும்போது சில நாள் அவள் தெருவில் நிற்பதைப் பார்ப்பேன். வெயிலில், வாசல்படிக்குக் கீழே இறங்கி, ஒரு கையில் துணியையும் ஒரு கையில் நூல் கண்டையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சைக்கிள்களும் தண்ணீர்க் குடங்களும் அவளை உரசிக்கொண்டு போகும். எதிர்வீட்டு அம்மாள் ஒரு முறை, "இன்னாம்மா, சூரியனுக்கு ஜாக்கெட் அளவு எடுக்கிறியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. என் மனைவி, "ஆமாம்க்கா, அவருக்குத்தான் கை சரியா ஒக்கார மாட்டேங்குது" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். அவள் ஏன் தெருவில் நிற்கிறாள் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆடிக்கொண்டிருந்தபோது குண்டு சொரசொரவென்று ஓடுவது கேட்டது. ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். குண்டு உருண்ட வழியெல்லாம் வண்ணத்தில் மெல்லிய கீறல். குண்டைக் கையில் எடுத்தேன். அதன் பளபளப்பு போய், மேலெல்லாம் அரித்ததுபோல் இருந்தது.

"குண்டை யாரு எடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான். கறுத்துப்போச்சேன்னு எடுத்தேன். வௌக்கு தேய்க்கறப்ப கூட வெச்சு புளி போட்டுத் தேய்ச்சேன். காலைல நீங்க கடைக்குப் போனதுலேர்ந்து புளியில ஊறப்போட்டு வெச்சிருந்தேன், அழுக்கு நல்லா விடட்டும்னு." அவள் முகத்தில் பெருமை இருந்தது. குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் சாமி அலமாரியில் பொன்னாக மின்னின.

பித்தளையைத் தேய்க்கிற மாதிரி அதையும் தேய்த்திருக்கிறாள். கண்ணாடியைத் தூக்க எனக்கே இரண்டு கை வேண்டும். அதைக் கழற்றி, குண்டை எடுத்து, திரும்ப மாட்டியிருக்கிறாள். இரும்பைப் புளி தின்றுவிடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விளக்கோடு அதையும் சேர்த்தாள் என்றால் அதை வீட்டுப் பொருளாக ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். அது எனக்குப் பிறகு புரிந்தது. அன்றைக்கு நான், "உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?" என்றேன். நான் சத்தம் போடுகிறவன் இல்லை என்பதால் அது சாதாரணச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சமையலறை விளக்கடியில் போய் உட்கார்ந்து தைத்தாள். மூன்று நாள் நான் பேசவில்லை. ஒரு குண்டுக்காக. ஜன்னலைப் பற்றி அவள் இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கோபம் ஆறிச் சில வாரம் இருக்கும். வீட்டுக்கார மாமியின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. கரும்பச்சைப் பட்டுப் புடவை. ஜாக்கெட் துணியை மாமி என் மனைவியிடம் கொடுத்திருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து டிரான்ஸ்ஃபார்மர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி கையில் ஜாக்கெட்டோடு வாசலில் வந்து நின்றார். எப்போதும் படியிலிருந்தே குரல் கொடுக்கிறவர் உள்ளே வரைக்கும் வந்துவிட்டார்.

"இங்க வாடி. இது என்ன நூல்?"

"பச்சைதான் மாமி. கரும்பச்சை."

"தெருவுக்கு வந்து பாரு."

இருவரும் வாசலுக்குப் போனார்கள். மாமியின் குரல் மட்டும் கேட்டது. "கறுப்பு. சுத்தக் கறுப்பு. நாளைக்குக் கார்த்தால நிச்சயம். மனையில உக்காரப்போற பொண்ணு ஒடம்புல கறுப்பு நூலைக் கோத்து அனுப்புவாளோ? பிள்ளையாத்து மனுஷா பார்த்தா என்ன நினைப்பா? நீ தைச்சதுன்னு நான் கண்ணை மூடிண்டு வாங்கி வெச்சேன். பதிமூணு வருஷமா உன்கிட்ட குடுக்கறேன், ஒருநாள் ஒரு நூல் தப்பா வந்ததில்லை."

"மன்னிச்சுக்குங்க மாமி. கண்ணு செரியில்ல. வயசாவுது."

அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கரும்பச்சையும் கறுப்பும் ஒன்று. முந்தைய இரண்டு நாளும் மழை. தெருவுக்கு வந்து பார்க்க வெயில் இல்லை. இதெல்லாம் சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கும் பெட்டியைக் காட்டியிருக்கலாம். மாமி போய்த் தெருவில் நாலு வீட்டில் சொன்னால் அவளுக்கு இனிமேல் பட்டு வராது, புடவைக்கு ஃபால் அடிக்கிற வேலை மட்டும்தான் வரும். அது தெரிந்தும் அவள் தன் கண்ணைச் சொன்னாள்.

நான் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். மாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜாக்கெட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"தப்பு என்னுதுங்க மாமி."

"நீங்க எப்போலேர்ந்து தைக்க ஆரம்பிச்சேள்?"

"ஜன்னலை நான் அடைச்சுட்டேன். அதுக்கு உள்ள வெளிச்சம் இல்ல. அது கண்ணு நல்ல கண்ணு."

மாமி என்னைத் தாண்டி அறைக்குள் பார்த்தார். படகுக்காரியைப் பார்த்தார். அவர் ஏதாவது கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "பேசுவேளா நீங்க? இத்தனை வருஷத்துல இப்பதான் குரலைக் கேக்கறேன்" என்றார். ஜாக்கெட்டை என் கையில் கொடுத்தார். "சாயங்காலம் வெளக்கு வெக்கறதுக்குள்ள வேணும்."

உள்ளே வந்து முதலில் தலைப் பெட்டியின் ஒயர்களைக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் துணி கட்டி அடையாளம் வைக்க நேரம் இல்லை. வெட்டினேன். வெட்டும்போதே இனி இதை நான் சேர்க்கப்போவதில்லை என்று தெரிந்தது. போல்ட்டைத் தளர்த்தித் தலையை இறக்கினேன். கால்களைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பின்பக்கமாகச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கோபாலபுரத்தில் அதற்கு நாலு பேர் தேவைப்பட்டது. "புடிங்க" என்றாள் அவள். "ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க, நான் தூக்கறேன்." நான் எண்ணினேன். பெட்டி எழுந்து சுவரோடு நின்றது. உள்ளே குண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டு நின்ற சத்தம் கேட்டது.

கடல் காற்றுக்குப் பயந்து எப்போதோ நான் சாத்திவைத்த ஜன்னல் கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தேன். வெளிச்சம் வந்தது. அவ்வளவு தூசி அந்த அறையில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

தையலைப் பிரிக்க அவளுக்கு நேரம் ஆகும் என்றாள். பட்டில் இழுத்துப் பிரித்தால் ஊசி ஓட்டை தெரியும். "குடு" என்றேன். பிரிப்பது என் வேலை. ஜன்னலடியில் உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்தேன். கம்பி அறாமல் பிரிக்கத் தெரிந்த விரல்களுக்குத் துணி சுலபம்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் டப்பாவைக் கவிழ்த்து, பச்சைக் கண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலைந்து முறை மாற்றினாள். ஒரே கண்டைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் அவள் இப்படிப் பார்த்தது இல்லை. எடுப்பாள், பார்ப்பாள், போட்டுவிடுவாள். ஐந்து மணிக்குத் தைத்து முடித்தாள். மாமி வாசலில் வைத்துப் பார்த்தார், வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். அடுத்த மாதம் இன்னொரு பட்டு அனுப்பினார். மாமிக்குக் கோபம் இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

கொடுத்தவரைக் கேட்காமல் மிஷினை வெளியே அனுப்பக் கூடாது என்று அடையாறுக்குப் போனேன். பால்கனியில் அவருடைய மற்ற மிஷின் நின்றது. மேலே கொடி கட்டித் துணி உலர்ந்துகொண்டிருந்தது. காலெல்லாம் கடல் காற்றில் பொரிந்து, கண்ணாடிக்குள் ஈரம் படிந்திருந்தது. அவருடைய அக்கா அதன்மேல் வடாம் தட்டு வைத்திருந்தார். "இப்பதான் இது சம்பாதிக்குது" என்றார் அந்த அம்மாள். கப்பல்காரர் சிரிக்கவில்லை. "குடுத்துடுப்பா" என்றார் என்னிடம். "உனக்காவது குடுக்க ஒரு காரணம் கிடைச்சுது. எனக்கு அதுவும் இல்ல. ஆடவும் முடியல, விடவும் முடியல." திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

தி.நகரில் வீடியோ கேம் கடை வைத்திருந்த ஒருவர், கடை வாசலில் வேடிக்கைக்கு வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டார். அதே மீன்பாடி வண்டிக்காரர்தான் வந்தார். ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, போன வாட்டி இதைவிட கனமா இருந்துச்சே. உள்ள கீற ஆளு எயுந்து பூட்டாரா?" என்றார். வெட்டிய ஒயர்கள் பின்னால் தொங்கின. அது மறுபடி ஓடியதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடைப் பக்கம் வேலை இருந்தாலும் அடுத்த தெரு வழியாகப் போய்விடுவேன்.

தையல் மிஷின் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பத்து மணிக்குமேல் மூன்று மணி வரைக்கும் அங்கே நல்ல வெளிச்சம். பட்டும் வருகிறது, முன்பு அளவுக்கு இல்லை. மத்தியானம் சாப்பிட நான் சந்துக்குள் திரும்பும்போது இப்போதும் அவள் தெருவில் நிற்கிறாள். துணியையும் நூலையும் உயர்த்திப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். ஜன்னல் இருக்கிறதே என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுல பாத்துட்டேன்" என்றாள். "இருந்தாலும் ஒருவாட்டி வெளிய வந்து பாத்துடறேன்."

நான் சைக்கிளை நிறுத்திவிட்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை, போகிற வருகிற சைக்கிள்கள் அவள்மேல் படாமல் பக்கத்தில் நிற்கிறேன்.